தீவுப் பயணம்: சிறு கடைக்காரர் குடும்பத்துக்கு ஒரு வரவு செலவுப் பாடம்

மளிகைக் கடைக்காரர் வீட்டில் எல்லாச் சாமானும் இருக்கும், வீட்டுக்காரர் மட்டும் இருக்கமாட்டார் என்று நம் பெண்கள் சொல்வதுண்டு. காலையில் பால் பாக்கெட்டோடு திறக்கிற கடையை இரவு பத்து மணிக்குத்தான் சாத்துகிறோம். மத்தியானம் நாம் சாப்பிடப் போனால் அந்த அரை மணி நேரம் கல்லாவில் உட்காருவது வீட்டம்மாள். கோடை விடுமுறையில் வங்கி ஊழியர் பிள்ளைகளும் ஆசிரியர் பிள்ளைகளும் ஊர் சுற்றி வந்து கதை சொல்லும்போது, நம் பிள்ளைகள் சர்க்கரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டால் பிறகு நான்கு பேரும் ஒன்றாகக் கிளம்பும் நாள் வருமா என்பது சந்தேகம். ஆகவே பத்து முதல் பதினேழு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் கடைக்காரர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பரமத்தி வேலூரிலிருந்து ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் ஒரு இரவுப் பயணம்கூட இல்லை. அதற்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடல் நடுவே ஒரு தீவு, வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர் என்றால் அது பணக்காரர் விவகாரம், மாலத்தீவு போகிறவர்கள் விவகாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே, பாஸ்போர்ட் இல்லாமல், தமிழ் பேசிக்கொண்டே போய்வரக்கூடிய அந்தமான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கடைப் பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு நானும் வீட்டாரும் போய்வந்தோம். அங்கே பார்த்ததையும், வந்தபின் சிட்டையில் எழுதிப் பார்த்த கணக்கையும் வைத்துச் சொல்கிறேன்.

அந்தமான் பற்றிக் கொஞ்சம்

சென்னையிலிருந்து கடல் வழியாகச் சுமார் 1,190 கிலோமீட்டர். திட்டு, பாறை எல்லாம் சேர்த்து எண்ணூறுக்கு மேற்பட்ட தீவுகள் உண்டு என்றாலும் மனிதர் குடியிருப்பது முப்பது சொச்சத்தில்தான். தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன்பே, 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவாகவும், நீல் தீவு ஷகீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி பெயரிலும் மாறின. படகுக்காரரும் ஆட்டோக்காரரும் இன்னமும் பழைய பெயரில்தான் பேசுகிறார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் அங்கே உள்ளவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வங்காளிகளுக்கும் இந்திக்காரர்களுக்கும் அடுத்தபடி நாம்தான். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. ஸ்ரீ விஜயபுரத்தின் அபர்தீன் கடைவீதியில் நடந்தால் இட்லி மணக்கிறது. வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது என்று பயந்து ஏஜெண்டு பின்னால் போக வேண்டிய அவசியம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சாதாரணமாகச் சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களுக்கு இந்தியக் குடிமகனுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை அசல் கையில் இருக்க வேண்டும். நிக்கோபார் பகுதிக்கும் பழங்குடியினர் காப்பகங்களுக்கும் அனுமதி வேண்டும். நமக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

நாள் குறிப்பதுதான் பாதிக் கணக்கு

அந்தமானில் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, மே மாதக் கடைசிவாக்கில் வந்துவிடும். செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு. அதன்பின் வடகிழக்குப் பருவம், புயல் சின்னம். ஆக டிசம்பர் பிற்பகுதி முதல் மே முதல் வாரம் வரைதான் கடல் நம்மோடு ஒத்துழைக்கும். ஆடி மாதம் வியாபாரம் மந்தம், அப்போது போகலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். படகு நின்றுவிட்டால் அறையில் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான். மேலும் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் கூடுகிற கூட்டத்தின் வியாபாரத்தை யார் விடுவார்கள்!

டிசம்பர் கடைசியும் ஜனவரி முதலும் உலகமே அங்கே போகிறது; விலை இரட்டிப்பு. நமக்குப் பொங்கல் வியாபாரம் வேறு. பொங்கல் முடிந்து தை மாதம் முழுக்கக் கல்யாணச் சரக்கு. மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குத் தேர்வு. இப்படித் தள்ளிப் பார்த்தால் சித்திரையில் ஒரு சந்து கிடைக்கிறது.

அந்தச் சந்தையும் வணிகர் கண்ணால் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் வாரம் கடையை விட்டு நகரவே கூடாது. சம்பளம் வாங்கிய மாதக் கணக்குக்காரர்கள் பாக்கி தீர்த்துப் புதுச் சாமான் வாங்கும் வாரம் அது. ஏப்ரல் முதல் பாதி சித்திரைக் கனி, வருடப் பிறப்பு வியாபாரம். காம்போசிஷன் முறையில் வரி கட்டுபவர்கள் மார்ச் காலாண்டுக்கு ஏப்ரல் 18-க்குள் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஏப்ரல் 22. ஆகவே ஏப்ரல் 23 இரவு கிளம்பி 30 காலையில் ஊர் வந்து சேர்ந்தால் தேர்வும் தடுக்காது, வரியும் தடுக்காது, முதல் தேதி வியாபாரமும் கெடாது. மே 5 வணிகர் தினத்தைச் சேர்த்துப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்போது முதல் வாரம் அடிபடும், மழையும் நெருங்கிவிடும். எனக்கு அது சம்மதமில்லை.

ஏப்ரலில் வெயிலும் புழுக்கமும் உண்டு. காவிரிக் கரைக்காரர்களுக்கு அது புதிதல்ல.

செலவைப் பிரித்துப் பார்ப்பது

கீழே வரும் விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நானே வைத்துக்கொண்டவை. விமான விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெங்காய விலையைவிட மோசம். அன்றைய விலையை நீங்கள் விசாரித்து என் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சென்னையிலிருந்து விமானம் தலைக்கு 5,500 என்றால் போக வர நான்கு பேருக்கு 44,000 ரூபாய். சேலத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில் படுக்கை தலைக்கு 400 வீதம் போக வர 3,200. ஐந்து இரவு அறை 1,800 வீதம் 9,000. ஆறு நாள் சாப்பாடு, டீ, இளநீர் எல்லாம் நாளுக்கு 1,500 வீதம் 9,000. தீவுக்குத் தீவு அரசுப் படகு மூன்று பயணம், தலைக்கு 600 வீதம் 7,200. ஆட்டோ, பஸ் 5,000. நுழைவுக் கட்டணம், கண்ணாடிப் படகு போன்றவை 5,600. மொத்தம் 83,000. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் 8,300 சேர்த்தால் 91,300.

இந்தப் பட்டியலைக் கொள்முதல் பட்டியல் போல் படிக்க வேண்டும். மொத்தத்தில் பாதிக்கு மேல் விமானம் ஒன்றே தின்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஹோட்டல்காரரிடம் 200 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிறார்கள். ஐந்து இரவுக்கு அதில் மிச்சம் 1,000 ரூபாய். விமான டிக்கெட்டை மூன்று மாதம் முன்னால் எடுத்துத் தலைக்கு 1,000 ரூபாய் குறைந்தால் போக வர மிச்சம் 8,000 ரூபாய். மூட்டை விலையில் குறைப்பதை விட்டுவிட்டுப் பொட்டலத்தில் குறைத்து என்ன பயன்? ஆகவே ஜனவரியிலேயே தேதி முடிவு செய்து விமானச் சீட்டு எடுத்துவிட வேண்டும். சனி, ஞாயிறு தவிர்த்து வாரத்தின் நடுநாளில் விலை பார்க்கவும். பெங்களூரிலிருந்தும் நேர் விமானம் உண்டு. அங்கே விலை குறைவாகத் தெரிந்தால், விமான நிலையம் நகரத்துக்கு வெளியே தேவனஹள்ளியில் இருப்பதை மறவாமல் அதுவரை போகும் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரயிலுக்கு அவ்வளவு முன்னால் எடுக்க முடியாது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாள்தான். பிப்ரவரி கடைசியில் ஞாபகமாக எடுக்க வேண்டும். ஈரோட்டில் கிளம்பி சேலம் வழியாகச் செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியலில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். விமானத்தைக் காலை பத்து மணிக்குப் பிறகு உள்ளதாக எடுத்தால் ரயில் கொஞ்சம் தாமதமானாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

கப்பலா, விமானமா

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் போகிறது. மாதத்தில் சில நடைகள்தான். ஏறக்குறைய மூன்று நாள் கடலில். பங்க் எனப்படும் பொது வகுப்புப் படுக்கைக்குக் கட்டணம் குறைவு, கேபின் வகுப்புகளுக்கு ஏறிக்கொண்டே போகும். தீவுவாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம்.

விமானம் 44,000 என்று பார்த்ததும் கப்பல் ஆசை வருவது இயல்பு. ஆனால் கடைக்காரர் வேறு ஒரு கணக்கும் போட வேண்டும். விமானம் சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம். கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் கூடுதலாக ஆறு நாள் நாம் கடையில் இல்லை. நாளுக்கு 1,200 நிகர லாபம் வரும் கடை என்றால் அதுவே 7,200. கப்பலில் ஆறு நாள் சாப்பாடு தனி. திரும்புகிற கப்பல் நம் வசதிக்குக் கிளம்பாது. இரண்டு நாள் காத்திருந்தால் அறையும் சாப்பாடுமாக நாளுக்கு 3,300 போகும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாந்தியோடு மூன்று நாள் என்பதைக் கணக்கில் எழுத முடியாது. கடையைப் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பி உள்ளவர்கள், காலேஜ் பையன்கள், தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்ட என் வயதுக்காரர்கள், இவர்களுக்குக் கப்பல் ஒரு வழிக்கு நன்று. தனி ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு விமானமே மலிவு என்பது என் முடிவு.

போய் இறங்கியபின்

முதல் நாள் மாலை செல்லுலார் சிறையைப் பார்த்துவிட வேண்டும். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. நட்சத்திரம் போல் ஏழு கட்டடம், 693 தனி அறை. இன்று நிற்பது மூன்று கட்டடம். கைதியைச் செக்கில் மாடு போல் கட்டி எண்ணெய் ஆட்டச் சொன்ன இடம் அது. நாளுக்கு இத்தனை பவுண்டு எண்ணெய் எடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்து, குறைந்தால் அடி. தினமும் தேங்காய் எண்ணெய் அளந்து விற்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். நான் அங்கே நின்றபோது எங்களோடு வந்த பெண்கள் யாரும் பேசவில்லை. மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. இந்தி, ஆங்கிலத்தில் நடக்கும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடிகாரம் நம் கடிகாரம்தான், ஆனால் அந்தமான் கிழக்கே தள்ளி இருப்பதால் காலை ஐந்துக்கே பளிச்சென்று விடிந்துவிடும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு எழுந்து பொடி தோசை சாப்பிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம். கடை திறக்கிற நேரத்துக்கே எழுந்து பழகிய நமக்கு இது ஒரு சாதகம்.

இரண்டாம் நாள் காலை ஹேவ்லாக்குக்குப் படகு. தனியார் கப்பல் ஏ.சி. போட்டு வேகமாகப் போகும், கட்டணம் அரசுப் படகைப் போல் பல மடங்கு. அரசுப் படகு இரண்டரை மணி நேரம். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். அதுவே ஒரு பொழுதுபோக்குதானே, அதை ஏன் காசு கொடுத்துச் சுருக்க வேண்டும்? ஆனால் அரசுப் படகில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இணையத்தில் முன்கூட்டிப் பார்க்கவும். கிடைக்காவிட்டால் இறங்கிய அன்றே ஃபீனிக்ஸ் பே படகுத் துறைக் கவுண்டரில் போய் நிற்கவும். சிறைக்குப் போகும் முன் இந்த வேலை.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய கரை. உட்கார்ந்து பார்க்கக் காசில்லை. ஒரு மாலை முழுவதும் அங்கேயே இருந்துவிடலாம். அங்கே இரண்டு இரவு, நீல் தீவில் ஒரு இரவு. நீல் சிறிய தீவு. சைக்கிள் வாடகைக்கு எடுத்து முழுவதும் சுற்றலாம். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று இராமாயணப் பெயர்கள். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் காய்கறி பயிரிடுகிறார்கள். வாழையும் தென்னையும் பார்த்தால் நம் ஜேடர்பாளையம் பக்கம் போலவே இருக்கிறது. கூட்டம் குறைவு. என் வீட்டாருக்கு ஹேவ்லாக்கைவிட நீல்தான் பிடித்தது.

கடலுக்குள் ஆக்சிஜன் கட்டிக்கொண்டு இறங்குவது, தண்ணீர் ஸ்கூட்டர் போன்றவைதான் பையை ஓட்டையாக்கும். பிள்ளைகள் கேட்பார்கள். தலைக்கு ஒன்று என்று ஊரிலேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். கரையில் நின்றுகொண்டு முடிவு செய்தால் மூன்றாகும். நீர் வடிந்திருக்கும் நேரத்தில் கரையோரப் பாறைக் குழிகளில் பவளத்தையும் மீனையும் இலவசமாகவே பார்க்கலாம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நூறு கிலோமீட்டர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜாரவா மக்களின் காட்டு வழியாகப் போலீஸ் காவலோடு வரிசையாகப் போக வேண்டும். வழியில் வண்டி நிறுத்தக்கூடாது, அம்மக்களைப் படம் எடுப்பது குற்றம். டாக்சிக்கும் படகுக்கும் பணம், ஒரு முழு நாள் வேறு. மனிதர் வாழும் காட்டை வேடிக்கைப் பாதையாக்கியதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆறு நாள் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

சிப்பி, சங்கு, பவளத் துண்டு, மணல் எதையும் கரையிலிருந்து பையில் போடக்கூடாது. வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகிவிடும். விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள். கடையில் வாங்கினால் பில் கேட்டு வாங்கவும். சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அது பயம் காட்ட வைத்ததல்ல. அங்கே உப்பு நீர் முதலை உண்மையாகவே உண்டு. பலகை உள்ள இடத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்க வேண்டும். காற்று அடித்தால் படகு ரத்தாகும். விமானம் நமக்காக நிற்காது. 44,000-த்தில் பாதி ஒரே நாளில் கடலில் கரைவதற்கு இது ஒன்றே காரணமாகிவிடும்.

வாயும் மூட்டையும்

அந்தமானில் தேங்காயும் மீனும் கொஞ்சம் காய்கறியும் தவிர அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அபர்தீன் கடைவீதியில் ஒரு தமிழ்க்காரர் மளிகைக் கடையில் பேச்சுக் கொடுத்தேன். இராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். "அய்யா, உங்க ஊர்ல சரக்கு தீர்ந்தா போன் போட்டா சாயங்காலம் வண்டி வந்துரும். இங்க கப்பல் வரணும். மழைக்கு முன்னாடி முதலைப் போட்டு அடைச்சு வெச்சுக்கணும், அதுல எலியும் ஈரமும் தின்னது போக மிச்சம்தான்" என்றார். அந்த நிலையில் விலை கூடத்தான் இருக்கும், குறை சொல்வதற்கில்லை. நாம் நம் கடைச் சரக்கையே கொண்டு போகலாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, தட்டை, அவல், நாட்டுச் சர்க்கரை. காலையில் ஒரு டிபன், இரவில் ஒரு சாப்பாடு வெளியே. இடையில் நம் பொட்டலம். சாப்பாட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

விமானத்தில் சாதாரணமாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மிளகாய்ப் பொடி எல்லாம் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் பறிமுதல். தீப்பெட்டி எதிலும் கூடாது. செல்போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் கைப்பையில்தான். நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, கொப்பரையை ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய்ப் பசை உள்ள பொருள், தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று தடை. வேலூர் கொப்பரை என்று பெருமைக்கு எடுத்துப் போய் விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் போட்டபின் போன், இணையம், செல்போனில் பணம் செலுத்துவது எல்லாம் நன்றாக நடக்கிறது. இருந்தாலும் நீல் போன்ற சிறு தீவுகளுக்குப் போகும்போது பத்தாயிரம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

ஏஜெண்டு மூலம் போவதானால்

போகக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் சரக்கு வாங்கும்போது கேட்கிற கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடைக் குடும்பம் "ஆறு நாள், எல்லாம் அடக்கம்" என்று நம்பிப் போனது. போய்ச் சேர்ந்தபின் படகு எங்கள் செலவு, நுழைவு உங்கள் செலவு, மத்தியானச் சாப்பாடு அடக்கமில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்து ஆறு என்பதால் பார்க்கக் கிடைத்தது நான்கு நாள். எந்தப் படகு, எத்தனை மணி நேரம் வண்டி, எந்த வேளை சாப்பாடு, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கவும். விமானச் சீட்டின் பி.என்.ஆர். எண் கைக்கு வந்தபின்தான் பெரிய தொகை கொடுக்கவும். என் அபிப்பிராயம், விமானத்தையும் அறையையும் நாமே எடுத்துக்கொண்டால் போதும். மீதி அங்கே போய்த் தமிழில் பேசிக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து எடுப்பது

கடை முதலில் கை வைக்கக்கூடாது. ஒரு லட்சம் முதல் மாதம் இரண்டு முறை சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு ஐந்து நிற்கிறது என்றால் மாதம் 10,000 மொத்த லாபம் தருகிறது. அந்த ஒரு லட்சத்தைத் தீவில் செலவழித்துவிட்டால் போனது ஒரு லட்சம் மட்டுமல்ல. திரும்ப அந்த முதலைச் சேர்க்கும் வரை மாதா மாதம் 10,000. கடன் வாங்கிப் போவது அதைவிட மோசம். மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் வருடத்துக்கு 36,000 வட்டி. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றுவதும் ஒருவகைக் கடன்தான். மொத்த வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், அது எங்களுக்குக் கட்டாயம் தெரிந்துவிடும்!

வழி ஒன்றுதான். ஜூலை முதல் தேதி தொடங்கி தினம் 300 ரூபாய் கல்லாவிலிருந்து தனியே எடுத்து வங்கியிலோ தபால் நிலையத்திலோ சேமிக்கவும். ஏப்ரல் கடைசிக்குள் 300 நாளில் 90,000. ஜனவரி நடுவில் விமானச் சீட்டு எடுக்கும்போதே 200 நாள் ஆகி 60,000 சேர்ந்திருக்கும். 44,000 கொடுத்துவிட்டு மீதியை அப்படியே விடலாம். தினம் 300 முடியாது, 150-தான் முடியும் என்றால் இரண்டு வருடம் சேர்க்கவும். பிள்ளைகளிடம் உண்டியலைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கடையில் மிட்டாய் எடுத்துத் தின்பதுகூடக் குறைகிறது.

கடையை ஒப்படைப்பது

ஆறு நாள் கடையை மூடினால் வாடிக்கை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடும், ஒருமுறை போன கால் திரும்பாது என்ற பயம் நியாயமானது. மச்சினரோ தம்பியோ வந்து அரை நாளாவது திறந்தால் நல்லது. காலை ஆறிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து எட்டு போதும். புதுக் கடன் கொடுக்க வேண்டாம், மாதக் கணக்கு நோட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கட்டும் என்று எழுதி வைக்கவும். பத்து நாள் முன்பே அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். வீட்டுக்கு வேண்டியதை முன்கூட்டி வாங்கிக்கொள்வார்கள். தயிர், பன்னீர், ரொட்டி வகையறாக்களை இரண்டு நாள் முன்பே தீர்த்துவிடவும். வெல்ல மூட்டையைச் சுவரை ஒட்டி வைக்காமல் பலகை மேல் ஏற்றவும்; வெயில் காலத்தில் இளகி எறும்பு வரும்.

பக்கத்துத் தெருக் கடைக்காரரோடு பேசி வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இந்த வருடம் அவர் போகட்டும், நாம் அவர் வாடிக்கையைக் கவனித்துக்கொள்வோம். அடுத்த வருடம் நாம். போட்டிக்காரர் என்று முறைத்துக்கொண்டிருப்பதைவிட இது இருவருக்கும் லாபம்.

இவ்வளவும் இந்த வருடம் முடியாது என்பவர்களுக்கு

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு தீவு இருக்கிறது. இராமேஸ்வரம் கோயில் என்று மட்டும் நினைத்துப் போய், தீர்த்தமாடிவிட்டு அன்றே திரும்பிவிடுகிறோம். பாம்பன் ஒரு தீவு என்ற நினைப்பே இல்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பகல் ரயிலில் அதன் மேல் போவதே பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகப் போய் இரண்டு நாள் இருந்தால் போதும். முதல் நாள் கோயில், அப்துல் கலாம் நினைவிடம். இரண்டாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரே அழிந்த இடம். சர்ச் சுவரும் ரயில் நிலைய இடிபாடும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு. பஸ்ஸே போகிறது, ஜீப் வாடகை தேவையில்லை. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறு பக்கம் குளம் போல் அமைதியான கடல். அங்கே கடலில் நீந்த இறங்கக் கூடாது, இழுப்பு அதிகம். குளிக்க அக்னி தீர்த்தக் கரையே போதும்.

நான்கு பேருக்கு இந்தப் பயணம், மேலே போட்ட அந்தமான் கணக்கில் விமானம், படகு இரண்டையும் அடித்துவிட்டால் என்ன வருமோ அதற்கும் குறைவாகவே முடியும். சனிக்கிழமை இரவு கடை சாத்தியபின் கிளம்பினால் செவ்வாய் காலை கடை திறந்துவிடலாம். விசேஷ நாள், அமாவாசை தவிர்த்துப் போங்கள். அறை வாடகை பாதியாக இருக்கும், தீர்த்த வரிசையும் சிறிதாக இருக்கும்.